ரொமானே-கோன்டி: சுவருக்கு முன்னால் நின்று எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நான் பிரான்சில் தீஜோன் நகரத்தில் குடியிருக்கிறேன். பாரிஸிலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு வோன்-ரொமானே கிராமத்துக்குப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அரை மணி நேரப் பயணம். அங்கே ஒரு கல் சிலுவை, ஒரு குட்டைச் சுவர், அதற்குப் பின்னால் ரொமானே-கோன்டி திராட்சைக் கொடிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். அந்தச் சுவர் முன்னால் நின்று ஆளாளுக்குக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

ரொமானே-கோன்டிங்கிறது ஒயினோட பேரா, கம்பெனியோட பேரா?

முதலில் அது நிலத்தின் பேர். 1.81 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நிலத்தில் விளைந்த திராட்சையில் எடுக்கும் ஒயினுக்கும் அதே பேர். அந்த நிலத்தை வைத்திருக்கும் பண்ணைக்கு தொமேன் த லா ரொமானே-கோன்டி என்று பேர். இந்தப் பண்ணைக்கு வேறு நிலங்களும் உண்டு: லா தாஷ், ரிஷ்புர், ரொமானே-சேன்-விவான், க்ராந்-ஏஷேஸோ, ஏஷேஸோ, வெள்ளை ஒயினுக்கு மோன்ராஷே. 2009 அறுவடையிலிருந்து கோர்த்தோன் நிலங்களும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்தந்த நிலத்தின் பேரில் தனித்தனி ஒயினாகத்தான் வரும். அதனால் பண்ணையின் பேரைப் பார்த்துவிட்டு எல்லாப் பாட்டிலும் ரொமானே-கோன்டி என்று நினைக்க வேண்டாம்.

இந்த ஊர் எங்க இருக்கு? பூர்கோன்னா என்ன?

பிரான்சின் கிழக்குப் பக்கம் உள்ள வட்டாரம் பூர்கோன். ஆங்கிலத்தில் பர்கண்டி என்பார்கள். தீஜோனிலிருந்து தெற்கே ஒரு நீண்ட மேட்டுச் சரிவு போகிறது. கோத்-தோர் என்று அதற்குப் பேர். அதன் வட பாதி கோத் த நுய், தென் பாதி கோத் த போன். வட பாதியில், தீஜோனுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே, நுய்-சேன்-ஜோர்ஜ் ஊரை ஒட்டியிருக்கிறது வோன்-ரொமானே. கிராமத்தின் பழைய பேர் வெறும் வோன். தன் புகழ்பெற்ற நிலத்தின் பேரை 1866இல் தன் பேரோடு சேர்த்துக்கொண்டது.

என்ன திராட்சை? ஏன் இவ்வளவு வெளிறின சிவப்பா இருக்கு?

பினோ நுவார் ஒன்றுதான். வேறு எதுவும் கலப்பதில்லை. இதன் தோல் மெல்லிசு. சிவப்பு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன என்பதால் நிறம் லேசாகத்தான் வரும். அடர்ந்த நிறம் இருந்தால்தான் நல்ல ஒயின் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. இங்கே அது செல்லாது. கொத்து உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான் இருக்கும், மணிகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சீக்கிரம் துளிர்ப்பதால் உறைபனியில் அடிபடும். நெருக்கமாக இருப்பதால் மழை பெய்தால் அழுகும். வளர்ப்பவருக்கு ஓயாத கவலை கொடுக்கும் செடி இது.

பூர்கோன் இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்ததற்கு அரச கட்டளையும் ஒரு காரணம். 1395இல் பூர்கோன் கோமகன் துணிச்சல்கார ஃபிலிப், நிறைய காய்க்கும் கமே என்ற வகையை நம்பத்தகாத செடி என்று பழித்துப் பிடுங்கி எறியச் சொன்னார்.

கிராண்ட் க்ரூ, ப்ரீமியே க்ரூன்னு போட்டிருக்கே, அது யாருக்குக் கொடுக்கற பட்டம்?

நிலத்துக்கு. பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவில் 1855இல் தரம் பிரித்தபோது பண்ணைகளை வரிசைப்படுத்தினார்கள். பண்ணை பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டாலும் அந்த அந்தஸ்து கூடவே வரும். பூர்கோனில் தரம் மண்ணோடு ஒட்டியது. கீழிருந்து மேலே பூர்கோன் என்ற பொதுப் பேர், கிராமத்தின் பேர், ப்ரீமியே க்ரூ, கிராண்ட் க்ரூ என்று நான்கு படிகள். கிராண்ட் க்ரூ மொத்தம் 33 தான். விளைச்சலில் நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் அந்தப் படியில் வரும்.

இப்படி எல்லை கட்டிப் பேர் வைத்த ஒவ்வொரு துண்டையும் இங்கே க்ளிமா என்கிறார்கள். வானிலைக்கும் அதே சொல்தான். ஆனால் ஒரு விவசாயி தன் க்ளிமா என்றால் தன் வயல் என்று பொருள். இத்தகைய 1,247 க்ளிமாக்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்காக முன்நின்று உழைத்தவர் ரொமானே-கோன்டி பண்ணையை நெடுங்காலம் நடத்திய ஒபேர் த விலேன்.

பக்கத்து வயலும் இதே மண்ணுதானே? வரப்பு தாண்டினா ருசி எப்படி மாறும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். சுவர் ஓரமாக நின்று மேற்கே பாருங்கள். மேலே உச்சியில் மரங்கள், பாறை. அங்கே மண் மெல்லிய போர்வை மாதிரிதான் இருக்கும், கொடிக்குப் பசி எடுக்கும். கீழே, நெடுஞ்சாலைப் பக்கம், மேலிருந்து வழிந்து வந்த மண் ஆழமாகப் படிந்திருக்கிறது. தண்ணீர் தேங்கும், கொடி கொழுத்து இலையாகத் தள்ளும். நடுச் சரிவில்தான் இரண்டும் சமப்படுகின்றன. தண்ணீர் நிற்காமல் வடியும், ஆனால் வறண்டும் போகாது. சரிவு கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் முழுதாக விழும். கிராண்ட் க்ரூ எல்லாம் ஏறத்தாழ இந்த நடுப்பட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

அடியில் இருப்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். அப்போது இந்த இடம் ஆழமில்லாத கடல். சிப்பி ஓடுகள் படிந்து கல்லானவை. மழை விட்டபிறகு போனால் செம்பழுப்பு மண்ணில் வெள்ளைக் கற்கள் கழுவிவிட்டது போலத் துலக்கமாகத் தெரியும். நிலத்தின் அடியில் பாறை பல இடங்களில் பிளந்து, ஒரு துண்டு ஏறி ஒரு துண்டு இறங்கிக் கிடக்கிறது. அதனால் சில பத்து மீட்டரிலேயே அடிக்கல் வேறாகிவிடுகிறது. ரொமானே-கோன்டிக்கு நேர் மேலே இருக்கும் லா ரொமானே இன்னும் செங்குத்து, மண் குறைவு. நேர் கீழே இருக்கும் ரொமானே-சேன்-விவானில் களிமண் கூடுதல், ஆழமும் கூடுதல். வடக்கே ரிஷ்புர், தெற்கே லா க்ராந்-ர்யூ, அதைத் தாண்டி லா தாஷ். ஐந்துமே கிராண்ட் க்ரூ தான்.

ஒரு அடி நகர்ந்தால் ருசி பளிச்சென்று மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வரப்பு ஓரத்து இரண்டு கொடிகளை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வயல் முழுவதும் அறுத்து ஒன்றாகச் சேர்க்கும்போது அந்த வயலின் சாயல் ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வருகிறது. பல நூறு வருடம் குடித்துப் பார்த்துதான் எல்லை போட்டார்கள். மண் பரிசோதனை எல்லாம் பிறகு வந்தது.

கோன்டி யாரு?

லூயி-ஃப்ரான்சுவா த பூர்போன், கோன்டி இளவரசர். பதினைந்தாம் லூயி மன்னருக்குச் சொந்தக்காரர். 1760இல் இந்த நிலத்தை வாங்கி, ஒயினைத் தன் விருந்து மேசைக்கென்றே வைத்துக்கொண்டார். மன்னரின் அந்தரங்கத் தோழி பொம்பதூர் அம்மையாரும் இதற்கு ஆசைப்பட்டார், கோன்டி முந்திக்கொண்டார் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. சுவையான கதை, ஆனால் ஆவணச் சான்று இல்லாதது.

அதற்கு முன் நடுக்காலத்தில் நிலம் சேன்-விவான் மடத்துத் துறவிகளிடம் இருந்தது. பிறகு 17ஆம் நூற்றாண்டில் க்ரூனம்பூர் குடும்பத்துக்கு வந்தது. ரொமானே என்ற பேர் அவர்கள் காலத்தில் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு இதைப் பறிமுதல் செய்து 1794இல் ஏலம் விட்டது. ஏல அறிவிப்பில் நிலத்தின் மதிப்பைக் காட்ட ரொமானேவோடு கோன்டியைச் சேர்த்து எழுதினார்கள். இளவரசர் குடும்பத்திடமிருந்து பறித்து விற்றபோதுதான் அவர் பேர் நிலத்துக்கு நிரந்தரமாகிவிட்டது.

இங்க எல்லா நிலமும் துண்டு துண்டா இருக்கே, இது மட்டும் எப்படி ஒரே கையில?

பாகப்பிரிவினை நமக்குத் தெரியாத விஷயமா! நெப்போலியன் சட்டம் வந்தபின் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு என்றாகி, பூர்கோன் நிலங்கள் தலைமுறைக்குத் தலைமுறை சிதறின. இந்தக் கிராமத்திலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் இருக்கும் க்ளோ த வூழோ ஒரே மதிலுக்குள் இருக்கும் சுமார் 50 ஹெக்டேர். இன்று அதற்கு 80 பேரைப் போல உரிமையாளர்கள். ஒருவருக்கு நான்கு வரிசை, இன்னொருவருக்கு ஆறு வரிசை என்றிருக்கிறது.

ரொமானே-கோன்டியை 1869இல் ழாக்-மரி துவோ-ப்ளோஷே வாங்கினார். அவர் வாரிசுகள் வழியாக விலேன் குடும்பத்துக்கு வந்தது. 1942இல் மற்றொரு வாரிசின் பாதிப் பங்கை ஒயின் வியாபாரி ஹென்றி லெருவா வாங்கினார். நிலம் உடையக் கூடாது என்று இரு குடும்பமும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். வாரிசுகளுக்குப் பங்குப்பத்திரம் பிரியும், மண் பிரியாது. பங்காளிச் சண்டை வராமல் இல்லை. 1992இல் லெருவா தரப்பு நிர்வாகி லாலூ பீஸ்-லெருவா பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆனாலும் நிலம் அசையவில்லை. இப்போது இரு குடும்பத்தின் அடுத்த தலைமுறையும் சேர்ந்து நடத்துகிறது.

1945 பாட்டில் ஒண்ணு அஞ்சு லட்சம் டாலருக்குப் போச்சாமே, அதுல அப்படி என்ன?

போனது உண்மை. 2018 அக்டோபரில் நியூயார்க்கில் சாதபி ஏலத்தில் 5,58,000 டாலர். அன்றைய தேதியில் சாதாரண அளவு ஒயின் பாட்டிலுக்கு அதுவே உலக உச்சம்.

காரணம் வேரில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற நுண்பூச்சி ஐரோப்பியத் திராட்சையின் வேரைத் தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அதைத் தாங்கும். அதனால் பெரும்பாலானோர் அமெரிக்க அடிச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டி நட்டார்கள். ரொமானே-கோன்டிக்காரர்களோ மனம் வராமல், சொந்த வேரில் நின்ற பழைய கொடிகளையே காப்பாற்றி வைத்தார்கள். மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடு செலுத்திப் பூச்சியை அடக்கினார்கள். ஒரு கொடி பட்டுப்போனால் பக்கத்துக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து, பதியன் போட்டு இடத்தை நிரப்பினார்கள். அப்படிப் பார்த்தால் அந்த வயலின் கொடிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து வந்தவை.

இரண்டாம் உலகப் போரில் அந்த மருந்து கிடைக்கவில்லை, வேலைக்கு ஆளும் இல்லை. கொடிகள் தளர்ந்துவிட்டன. 1945 வசந்தத்தில் உறைபனியும் ஆலங்கட்டியும் சேர்ந்து அடித்தன. மிஞ்சியது இரண்டு பீப்பாய், சுமார் 600 பாட்டில். அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டார்கள். 1947இல் லா தாஷிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி மறுபடி நட்டார்கள். இளங்கொடியின் பழம் இந்தப் பேருக்குத் தகாது என்று காத்திருந்து, 1952இல்தான் மீண்டும் ரொமானே-கோன்டி என்று ஒயின் வந்தது. 1946 முதல் 1951 வரை அந்தப் பேரில் ஒயினே கிடையாது. இந்த ஆறு வருடத்தை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

சரி, புது பாட்டிலும் ஏன் இவ்வளவு விலை?

நல்ல ஆண்டில் 5,000 முதல் 6,000 பாட்டில்தான் வரும். ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் கொடி நிற்கிறது. ஆனால் கொத்துகளைக் குறைத்துக் குறைத்து, ஏறத்தாழ மூன்று கொடிக்கு ஒரு பாட்டில் என்ற கணக்கில்தான் எடுக்கிறார்கள். 2007 முதல் முழு நிலமும் செயற்கை உரமோ பூச்சிக்கொல்லியோ போடாத உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மையில் இருக்கிறது. டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும் என்று குதிரை பூட்டி உழுகிறார்கள். செலவு நிச்சயம் உண்டு. ஆனால் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும் விலைக்குச் செலவு காரணமல்ல. உலகம் முழுக்கக் கேட்கிறார்கள், நிலம் ஒரு அடி கூட வளராது. விலை அங்கிருந்து வருகிறது.

செய்முறையில ஏதாவது ரகசியம் இருக்கா?

இல்லை. பழத்தை மேசையில் கொட்டிப் பொறுக்கி, பெரும்பாலும் காம்போடு முழுக் கொத்தாக மரத்தொட்டியில் போட்டு நொதிக்க விடுகிறார்கள். பிறகு புது ஓக் பீப்பாயில் ஒன்றரை வருடம்போலக் கிடக்கும். இதே முறையை இங்கே பலர் செய்கிறார்கள். காம்பும் நன்றாகப் பழுத்திருந்தால்தான் இது எடுபடும், இல்லாவிட்டால் பச்சை வாடை அடிக்கும். எப்போது அறுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முட்டை வெள்ளைக்கரு போடுவாங்களாமே? எங்க வீட்ல சைவம்.

சிவப்பு ஒயினைத் தெளிய வைக்கவும் துவர்ப்பைத் தணிக்கவும் வெள்ளைக்கரு சேர்ப்பது பிரான்சில் பழைய வழக்கம். அது வண்டலோடு அடியில் இறங்கிவிடும், பாட்டிலுக்குள் வராது என்பது கணக்கு. இப்போது பூர்கோனில் பலர் அதைச் செய்வதில்லை. தானாகத் தெளியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவில் முட்டையோ பாலோ சுவடு தெரியும் அளவு மிஞ்சினால் லேபிளில் எழுத வேண்டும். சுவடுகூடக் கூடாது, பயன்படுத்தியிருக்கவே கூடாது என்பவர்கள் வீகன் என்று குறித்த பாட்டிலைத் தேடுவது நல்லது. சின்னப் பண்ணையில் வாங்கினால் நேரே கேளுங்கள். யாரும் தப்பாக நினைத்து நான் பார்த்ததில்லை.

போலி நிறைய வருதாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வருகிறது. ரூடி குர்னியவான் என்பவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு தன் வீட்டிலேயே பழைய பாட்டில்களில் ஒயின் கலந்து ஊற்றி, லேபிள் ஒட்டி, ஏலத்தில் விற்றார். ரொமானே-கோன்டி மேல் அவருக்கு இருந்த மோகத்தால் டாக்டர் கோன்டி என்றே பட்டப்பெயர். 2012இல் பிடிபட்டார்; 2014இல் 10 வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த ஆறு வருடம். யாராவது 1949 ரொமானே-கோன்டி காட்டினால் பாட்டிலைக் கையில் எடுக்கவே வேண்டாம். அசல் லேபிளில் அந்த ஆண்டு மொத்தம் எத்தனை பாட்டில், இது எத்தனையாவது எண் என்பதும் நிர்வாகிகள் கையெழுத்தும் இருக்கும். ஆனால் எண்களையும் போலியாக அச்சடிக்கலாம். பண்ணையிலிருந்து உங்கள் கை வரை யார் யார் வழியாக வந்தது என்ற ரசீதுத் தொடர்தான் நம்பத்தக்கது.

கொடிக்கு விஷம் வச்சாங்கன்னு படிச்சேனே, உண்மையா?

உண்மை. 2010 ஜனவரியில் நிலத்தின் வரைபடத்தோடு பண்ணைக்கு மிரட்டல் வந்தது: பத்து லட்சம் யூரோ தராவிட்டால் கொடிகள் சாகும். சொன்னபடியே சில கொடிகளின் அடியில் துளை போட்டிருந்தார்கள். இரண்டு கொடிகள் விஷத்தால் பட்டுப்போயின. போலி நோட்டுக்கட்டைப் பக்கத்து ஊரான ஷாம்போல்-முசிஞியின் கல்லறைத் தோட்டத்தில் வைத்து, எடுக்க வந்தபோது போலீஸ் பிடித்தது. முன்பெல்லாம் நினைத்தவர்கள் உள்ளே போய்க் கொடியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

அப்ப போய்ப் பார்க்க முடியாதா?

சாலையில் நின்று தாராளமாகப் பார்க்கலாம். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. சாலையிலேயே நில்லுங்கள், எக்காரணம் கொண்டும் நிலத்துக்குள் வராதீர்கள் என்று சுவரில் பணிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லை எடுக்காதீர்கள், கொத்தைத் தொடாதீர்கள். பண்ணைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. கார் இல்லாவிட்டால் தீஜோனிலிருந்து ரயிலில் நுய்-சேன்-ஜோர்ஜில் இறங்கி, கொடிகளுக்கு நடுவே நடந்தே வந்துவிடலாம். அக்டோபர் கடைசியில் வாருங்கள், இலை முழுக்கப் பொன்னிறமாக இருக்கும்.

அவ்வளவு காசு இல்லைங்க. இந்த ருசியைக் கொஞ்சமாவது தெரிஞ்சுக்க என்ன வாங்கலாம்?

நானும் ரொமானே-கோன்டி குடித்ததில்லை. நான் குடிப்பது வோன்-ரொமானே என்று கிராமத்தின் பேர் மட்டும் போட்ட பாட்டில். மேலே சொன்ன நான்கு படியில் இரண்டாவது படி. அதுவும் 50 யூரோவுக்குக் கீழே கிடைப்பது அரிதாகிவிட்டது. திறந்ததும் செர்ரி, ராஸ்பெர்ரி. கிளாஸில் அரை மணி நேரம் விட்டால் வாடத் தொடங்கிய ரோஜா இதழ், கொஞ்சம் மசாலா. பத்து வருடம் ஆன பாட்டிலில் ஈரமண்ணும் காளானும் வரும். அந்த ரோஜா வாசம்தான் இந்தக் கிராமத்தின் அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் குறைவாக வேண்டுமென்றால் வடக்கே மார்சனே, ஃபிக்சேன் ஊர்கள், அல்லது சரிவுக்கு மேலே உள்ள ஓத்-கோத் த நுய். செய்பவர் நல்லவராக இருந்தால் வெறும் பூர்கோன் என்று போட்டதே மனதை நிறைக்கும்.

வெயில் கூடிக்கிட்டே போகுதே, இந்தத் தோட்டம் தாங்குமா?

போன் நகரத்தில் 1354 முதல் அறுவடைத் தேதிகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அறுவடை முன்பிருந்ததைவிடச் சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. இதுவரை அதனால் பழம் நன்றாகவே பழுக்கிறது. முன்பு பத்துக்கு மூன்று ஆண்டுதான் நல்ல ஆண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கொடி சீக்கிரம் துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனியில் மாட்டிக்கொள்கிறது. 2016லும் 2021லும் பூர்கோன் அப்படித்தான் அடிபட்டது. இலையைக் கிள்ளாமல் நிழல் விடுவது, விடியற்காலையில் அறுப்பது, வெயில் தாங்கும் அடிச்செடியை முயன்று பார்ப்பது என்று வழி தேடுகிறார்கள். செடியை மாற்று என்று மட்டும் இங்கே யாரிடமும் சொல்ல முடியாது.

யாராவது ஒரு பாட்டில் சும்மா கொடுத்தா விப்பீங்களா, குடிப்பீங்களா?

குடிப்பேன். இளம் பாட்டிலாக இருந்தால் இருபது வருடம் இருட்டில் படுக்க வைப்பேன். திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். 15, 16 டிகிரி குளிர்ச்சி போதும், ஐஸ் வேண்டாம். பக்கத்தில் காரக்குழம்பு வைக்க மாட்டேன்; மிளகாய் அந்த வாசத்தை அமுக்கிவிடும். உப்பும் வெண்ணெயும் மட்டும் போட்டு வதக்கிய காளான், வறுத்த கோழி போதும். ஒரு பாட்டில் ஆறு கிளாஸ்தான் வரும். அதனால் ஐந்து பேரைக் கூப்பிடுவேன், கல் சிலுவை முன்னால் இந்தக் கேள்விகளைக் கேட்டவர்களிலிருந்து.